கிராணி ஐயாவின் பெயர்

சிவமயம்

கோலசிலாங்கூர்,
10-8-1926, செவ்வாய்க்கிழமை.

என் அன்புள்ள அம்மாவின் பாதங்களுக்கு,

மகள் யோகாம்பாள் எழுதுவது. சுகம் சொல்லிச் சுகம் கேட்க வேண்டிய இடம் இது. இன்றைக்கு எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் தம்பி வைரவநாதனும் சுகமாயிருக்க நல்லூரான் காவல். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தநாள் ஆடி அமாவாசை. நீங்கள் விடியவே கீரிமலைக்குப் போய் அப்பாவுக்குத் தம்பியைக் கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைப்பித்திருப்பீர்கள். ஊரில் எல்லாரும் தகப்பன் இறந்த திதி பார்த்துத் திவசம் கொடுக்க, நாங்கள் மட்டும் இருபத்தைந்து வருஷமாக அமாவாசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அப்பா எந்த நாள் இறந்தார், எப்படி இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பொறுக்காது.

இவருக்குத் தைப்பிங்கிலிருந்து இந்த ஊர் அரசாங்கக் கந்தோருக்கு மாற்றம் என்று கேட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். இவர் ஏதோ சம்பளம் கூடிவிட்டது என்று நான் நினைத்ததாக நினைத்தார். அம்மா, இது அப்பாவின் ஊர்! மலைக்கு மேலே வெளிச்சவீடு, கொஞ்சம் தள்ளிக் கந்தோர், கீழே ஆறு. குசினி யன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது. அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த காப்பித் தோட்டம் ஆற்றோடு ஏழு மைல் மேலே போனால் வரும். இப்போது அங்கே காப்பி இல்லை, எல்லாம் ரப்பர். தோட்டத்துக்குப் பெயரும் மாறிவிட்டது.

கோபிக்காதீர்கள், ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் சின்னம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொல்லிவிட்டா. தம்பிக்கு ஏடு தொடக்க வருகிறேன் என்று அப்பா எழுதியிருந்தாராம். பிறகு மூன்றாம் முறையாக லீவைத் தள்ளிப்போட்டாராம். அந்த விஜயதசமி அன்று ஐயர் தம்பியின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்துவிட்டுப் படலை தாண்டியதும், நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குந்தி, “இனி வரவே வேண்டாம், ஆத்திலை குளத்திலை விழுந்து துலையுங்கோ” என்று எழுதித் தபாலில் போட்டீர்களாம். தை மாதம் அப்பாவின் ட்றங்குப் பெட்டி வந்ததாம், ஆற்றில் விழுந்து உயிரை விட்டார் என்ற செய்தியோடு. “என்ரை கடதாசிதான் அந்த மனுசனைக் கொண்டுபோனது” என்று ஒரே ஒரு தரம் சொன்னீர்களாம். அதற்குப் பிறகு அப்பாவின் பெயரே உங்கள் வாயில் வரவில்லை என்று சொல்லிச் சின்னம்மா அழுதா.

அதற்காகத்தான் அம்மா தேடுகிறேன். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் அப்பா ஆற்றுக்குப் போனாரா, இல்லையா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் மருமகனைத் தெரியும்தானே. கந்தோர்ப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். 1901-ஆம் ஆண்டு மரணப் பதிவுப் புத்தகத்தை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள் என்றால், “அது அரசாங்கத்தின்ரை புத்தகம், உம்முடைய வீட்டுப் பஞ்சாங்கம் இல்லை” என்றார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? மூன்று கிழமை இடியப்பத்துக்குச் சொதி வைக்காமல் விட்டேன். சபாரத்தினம் என்கிற அம்மி நகர்ந்தது. துரையிடமே கேட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்க உத்தரவு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு முழுவதும், அடுத்த ஆண்டு ஆனி வரைக்கும், ஒவ்வொரு வரியாகப் பார்த்தாயிற்று. விசுவலிங்கம் என்று ஒரு பெயர் இல்லை. “இல்லையாம், இனி விடும்” என்றார் இவர். நான் விடுவேனா? முதலை வாயில் போனவர், மரம் விழுந்து செத்தவர், வெள்ளத்தோடு போனவர் என்று அகாலமாய்ச் சாகிறவர்களுக்குத் தனியாக ஒரு விசாரணைப் புத்தகம் இருக்கிறதாம். அதையும் எடுப்பித்தேன். அந்த ஆண்டின் கடைசி நாலு மாதத்தில் ஆற்றிலிருந்து எடுத்த பிரேதம் இரண்டே இரண்டு. ஒன்று வலை போடப் போன சீனர். மற்றது ஒரு மலாய்க்காரப் பெண்.

அம்மா, ஆற்றில் அப்பா இல்லை!

பிரேதம் கடலுக்கு அள்ளுண்டு போயிருக்கும் என்று இவர் சொல்கிறார். இருக்கலாம். ஆனாலும் ஒரு கிராணி ஆற்றில் விழுந்தால் தோட்டத்தில் யாராவது ஒருவர் வந்து பொலீசில் சொல்லாமலா விடுவார்கள்? அப்படிச் சொன்னதாகவும் எங்கேயும் இல்லை. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து வருஷமாக ஊர் சொன்ன ஒரு கதையில் முதல் ஓட்டை விழுந்திருக்கிறது.

தம்பியை உடனே பதில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை
யோகம்.

---

சிவமயம்

கோலசிலாங்கூர்,
14-9-1926.

அன்புள்ள அம்மாவுக்கு,

கந்தசுவாமியார் கிருபையால் காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லை. தம்பியின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. “கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டா” என்று எழுதியிருக்கிறான். சரி, வைக்கோல் போடுங்கள். போட்டுக்கொண்டே இதைக் கேளுங்கள்.

முதலில் குடை விஷயம். அப்பாவின் பெட்டியை அனுப்பின சிவானந்தம் அண்ணை, முன்பு கோலாலம்பூரில் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர், பெட்டியோடு வைத்த கடிதத்தை நீங்கள் ஒருவருக்கும் காட்டியதில்லை. நான் பத்து வயதில் அதைத் திருடி வாசித்தேன். அடிக்க வேண்டுமென்றால் இப்போது அடியுங்கள், கை எட்டாது. அதில் அவர் எழுதியிருந்தது எனக்கு அப்படியே பாடம்: “மார்கழியில் தோட்டத்துக்குப் போனேன். கந்தோரில் காவற்காரர் ஒருவரைத் தவிர எவரும் இல்லை. புரட்டாசிக் கடைசியில் கிராணியாரின் சப்பாத்தும் அதன்மேல் விரித்தபடி குடையும் துறையடியில் கிடந்ததாம். ஆளை அதற்குப் பின் கண்டவர் இல்லை.”

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இவரை இழுத்துக்கொண்டு அந்தத் துறையடிக்குப் போனேன். மரப்பாலம் அரைவாசிக்கு மேலே உக்கிப்போய்விட்டது. தண்ணீர் வற்றின நேரம், முழங்கால் மட்டும் சேறு. சம்பான் தோணியில் ஏற வந்த ஒரு மண்டோர், தொழிலாளரை மேய்க்கிறவர், சப்பாத்தைக் கழற்றிக் கரையில் வைத்தார். மழை இருண்டுகொண்டு வந்தது. கையில் இருந்த குடையை விரித்துச் சப்பாத்துக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துச் சேற்றில் இறங்கினார். நான் அங்கேயே கத்திவிட்டேன். இவர் பாம்பு கடித்ததாக்கும் என்று ஓடிவந்தார்.

யோசித்துப் பாருங்கள் அம்மா. சாகப் போகிற மனுஷனுக்குச் சப்பாத்து நனைந்தால் என்ன, காய்ந்தால் என்ன? திரும்பி வந்து மாட்டிக்கொள்ள நினைத்தவன்தான் குடை விரித்து வைப்பான். ஊர் வாய்க்கு உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்? சப்பாத்தைப் பார்த்தார்கள், ஆற்றைப் பார்த்தார்கள், கதை கட்டிவிட்டார்கள். அக்கரையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கரையில் என்ன இருந்தது என்று அந்த மண்டோரைக் கேட்டோம். கந்தோரும் துரையின் பங்களாவும் எப்போதும் இக்கரையில்தானாம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் அக்கரையில். “அந்தக் காலத்துல அங்க பெரிய வாந்திபேதி வந்துச்சுன்னு சொல்லுவாங்க, அம்மா. அந்த லயத்துல இருந்தவங்க ஒருத்தரும் இப்ப இங்க இல்ல” என்றார்.

அவ்வளவும் போதுமே எனக்கு! மறுநாள் இவர் கந்தோருக்குப் போகும்போது, வாந்திபேதி, வாந்திபேதி என்று வாசல் படலை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். இப்போது இவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. நான் சொல்லாமலே பழைய அலமாரியின் அடித்தட்டு முழுவதையும் கொட்டித் தேடி, வெள்ளைச் சட்டையெல்லாம் கறையான் மண்ணோடு வந்து நின்றார். “கிடைச்சிட்டுது!” என்றார். கல்யாணம் செய்து பன்னிரண்டு வருஷத்தில் இவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

1901 அக்டோபர் ஏழாம் தேதி அந்த லயங்களை அடைத்திருக்கிறார்கள். ஒருவரும் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வெளியூரிலிருந்து போன ஒரு மருந்துக்காரர் இறந்தவர்களின் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். நாற்பத்து மூன்று பேர். ஆற்றைக் கடத்திவிடுகிற சம்பான்காரர் ஒருவரும் அதில் இருக்கிறார். இவர் அதை அப்படியே நகல் எடுத்துவந்தார். விசுவலிங்கம் அதிலும் இல்லை. ஆனால் முப்பத்தெட்டாவது வரி இப்படி இருக்கிறது: “அந்தோனி. கிராணி. யாழ்ப்பாணத்தார். வயது சுமார் முப்பத்தைந்து. 18 அக்டோபர், வெள்ளிக்கிழமை.”

அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரேயொரு கிராணிதானே! அந்தோனி யார்?

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அந்தோணிதாஸ் என்று மருந்து கட்டுகிற ஒரு டிரெசர் இருக்கிறார், கத்தோலிக்கத் தமிழர், நல்ல மனுஷன். அவரிடம் இவர் போய்க் கேட்டார். தோட்டத்துச் சிறு கோயில்களின் பழைய புத்தகங்கள் பாதிரியார் வீட்டில் இருக்கின்றன என்று சொல்லி, அவரே தேடிப் பார்த்து ஒரு துண்டில் எழுதி அனுப்பினார். “அந்தோனி, கிராணி. மரண ஆபத்தில் ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றியவள் மண்டோர் சூசையின் பெண்சாதி அகதா.” அவ்வளவுதான்.

தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். அது அப்பா என்று இன்னும் நிச்சயமில்லை. இவர் விபூதியை எடுத்து இரண்டாம் தரம் பூசிக்கொண்டார். வாந்திபேதிக்குப் பிறகு அந்தச் சனங்களை வடக்கே ராசா என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த அகதா என்பவள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறாளாம். மகளோடு இருக்கிறாள் என்று அந்தோணிதாஸ் சொன்னார். இவருக்கு லீவு கிடைத்ததும் போகிறோம். கிடைக்காவிட்டால் நான் தனியாகவே ரயில் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மாடு கன்று போட்டதா?

யோகம்.

---

சிவமயம்

கோலசிலாங்கூர்,
20-10-1926.

என் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தம்பி வாசிக்கும்போது நீங்கள் எழும்பிப் போகக் கூடாது. மாடு பட்டினி கிடக்கட்டும். இருங்கள்.

அது அப்பாதான்.

கிள்ளான், கோலாலம்பூர் என்று ரயில் மாறி மாறி ராசாவில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் தோட்டத்துக்குப் போனோம். லயத்துக் கோடி வீடு. வாசலில் அகதாவின் மகள் முரியல் நின்றாள். “கிராணி ஐயாவின் மகள் வந்திருக்கிறேன்” என்று நான் சொன்னதும் உள்ளே ஏதோ சட்டி விழுந்த சத்தம். பிறகு பின்கதவு சாத்துப்பட்டது. கால்மணி நேரம் வெளியே வரவில்லை. முரியல் போய்ப் போய்க் கூப்பிட்டாள். கடைசியில் நானே பின்பக்கமாகப் போய், “அக்கா, நான் சண்டைக்கு வரவில்லை” என்றேன். கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனுஷி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவரு நெத்தி தாயி, அவரு நெத்தி” என்று சொல்லிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

அவ சொன்னதை அவவின் வாயாலேயே எழுதப் பார்க்கிறேன். “சீக்கு வந்ததும் தொரை கிள்ளானுக்குப் போயிட்டாரு. நாளைக்கு ஆத்த அடைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு, மொத நாளே கிராணி ஐயா மருந்துப் பொட்டியத் தலையில தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. குடுத்துட்டுப் பொழுது சாயத் திரும்பிடுறேன்னுதான் வந்தாரு. வந்து பாத்தா வீட்டுக்கு ரெண்டு பேரு கெடக்காங்க. எப்புடிப் போவாரு? மறுநா அடைச்சுட்டாங்க” என்றா.

உண்மையிலேயே அப்பாதானா என்று இவர் சந்தேகப்பட்டார், கந்தோர்ப் புத்தி. ஏதாவது அடையாளம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அவ யோசிக்கவே இல்லை. “இடக்கைக்காரரு. வெந்நியானாலும் மருந்தானாலும் இடக்கையாலதான் ஊத்துவாரு. ஒவ்வொரு தடவையும், இடக்கையால தர்றேன்னு கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துவாரு. சாகக் கெடந்தவங்ககூட சிரிச்சாங்க தாயி” என்றா. அம்மா, அப்பாவின் இடக்கைப் பழக்கத்துக்கு அப்பாச்சி சூடு வைத்த கதையை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? எனக்கு அதற்கு மேல் அடையாளம் வேண்டியிருக்கவில்லை. இவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

பதினொரு நாள் இருந்திருக்கிறார். குடிதண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒருவரையும் தொட விடவில்லையாம். லயத்தில் நூற்றுப் பத்துப் பேர் பிழைத்தது அவரால்தான் என்று அகதா அக்கா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னா. முரியல் அப்போது வயிற்றில் ஏழு மாதம். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் அப்பாவுக்கே கண்டுவிட்டது. வெயில் ஏற முதல் நினைவு போய்விட்டது. மத்தியானத்தோடு முடிந்துவிட்டது.

இனி ஞானஸ்நான விஷயம். செத்தவர்களை ஒரே குழியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்களாம். கிறிஸ்தவ வேதக்காரருக்கு மட்டும் பாதிரியார் உத்தரவு வாங்கித் தந்து, தனித்தனிக் குழியும் சிலுவையும் கிடைத்ததாம். “அவரையும் அந்தக் குழியில போட்டுருவாங்களேன்னு எனக்கு ஆறல. நாளைக்கு அவரு சனம் தேடி வந்தா, எங்கன்னு கையக் காட்ட ஒரு எடம் வேணாமா? அதான் அவரு மூச்சு இருக்கும்போதே தண்ணிய ஊத்திட்டேன். அவருக்கு நெனவில்ல. நான் கேக்கல. கேக்காம செஞ்சுட்டேன்” என்று சொல்லி அழுதா.

அந்தோனி என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? மருந்துக்காரர் பெயர் என்னவென்று கேட்டிருக்கிறார். நூற்றைம்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. “கிராணி ஐயா பேரை நாங்க எப்புடித் தாயி கேக்குறது? மூணு வருசமாத் தெனம் காலையில பெரட்டுல நின்னு எங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணாக் கூப்பிட்டாரு. அவரு பேரு எங்களுக்குத் தெரியாது. தொலைஞ்சு போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு அந்தோனியாரு. அதான் அவரு பேரை வச்சேன்” என்றா. மரியாதைக்குப் பெயர் கேட்காமல் விட்டார்கள். தேடி வருகிறவர்களுக்காக ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரால்தான் நாங்கள் இருபத்தைந்து வருஷம் அப்பாவைக் காணவில்லை. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், முரியல் தந்த கோப்பியைக் குடித்தேன். ஓம், குடித்தேன். அவளுடைய தாயின் கையால் அப்பா பதினொரு நாள் சாப்பிட்டிருக்கிறார், எனக்கு என்ன வந்தது? நீங்களும் இந்த வரியில் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

இனித்தான் அம்மா முக்கியமானது. தம்பி, இதை நிறுத்தி வாசி.

அப்பா இறந்தது அக்டோபர் பதினெட்டு. அந்த வருஷம் விஜயதசமி வந்தது அக்டோபர் இருபத்திரண்டு. இவர் பழைய பஞ்சாங்கம் தேடி எடுத்துப் பார்த்தார், நானும் பார்த்தேன், பிறகு நம்பாமல் அந்தோணிதாஸிடம் கொடுத்து அவரையும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதக் குந்தியபோது அப்பா போய் நாலு நாள். அந்தக் கடிதத்தை அவர் வாசிக்கவில்லை. நீங்கள் வாய்விட்டு ஏசிய வசவு காற்றோடு போய்விட்டது, அவர்மேல் படவே இல்லை.

இன்னும் ஒன்று. அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் காலையில் அப்பா ஆற்றங்கரையில் நின்று இக்கரையைப் பார்ப்பாராம். “தபால் வந்திருக்கும். என்ரை மனுசி இந்த முறை நல்லா ஏசி எழுதியிருப்பா. லீவைத் தள்ளிப்போட்டனான். அவ ஏசினால்தான் எனக்கு ஊர் ஞாபகம் வரும்” என்று சொல்லிச் சிரிப்பாராம். உங்களைப் பற்றின அந்தப் பேச்சை அகதா அக்கா எங்கள் ஊர்ப் பாஷையிலேயே சொல்லிக் காட்டினா, அப்பா சொன்ன மாதிரியே. உங்கள் கோபம் அப்பாவுக்குத் தெரியும் அம்மா. தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை அக்கரைக்குப் போய் இடத்தைப் பார்த்தோம். தோட்டத்து வேதக்காரச் சனங்கள் அதைக் கைவிடவில்லை. சிலுவை உக்க உக்கப் புதிது நட்டிருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளில் மெழுகுதிரியும் ஏற்றுகிறார்களாம். யார் என்று தெரியாமலே, ‘கிராணி ஐயா குழி’ என்று. சிலுவைக்கு முன்னால் விழுந்து கும்பிடலாமா என்று இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சாத்திரம் என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்டார். உங்கள் மாமனாருக்கு முன்னால் நின்று சாத்திரமா கேட்கிறீர்கள் என்று ஏசினேன். விழுந்து கும்பிட்டார். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

திதி ஐப்பசி வளர்பிறைச் சஷ்டி. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அதற்குப் பத்து நாள்கூட இருக்காது. ஐயரைக் கேட்டு நிச்சயம் பண்ணித் தம்பியைக் கொண்டு திவசம் கொடுப்பியுங்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். விசுவலிங்கம் என்று உரத்துச் சொல்லச் சொல்லுங்கள், தெருவுக்குக் கேட்கட்டும்.

நாங்கள் ராசாவிலிருந்து வெளிக்கிட்டபோது அகதா அக்கா வண்டி வரைக்கும் கூட வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டா. “சைவக்காரப் புள்ளைக்குக் கேக்காமத் தண்ணி ஊத்திட்டேன். ஊருக்குச் சொல்லியனுப்பப் பயந்துக்கிட்டுச் சொல்லாமலும் இருந்துட்டேன். உங்க அம்மா என்னையச் சபிப்பாகளா தாயி? இத்தன வருசமா எனக்கு அதே நெனப்பு” என்றா. நான் இல்லை என்று சொன்னேன். அவ நம்பவில்லை. நான் சொன்னால் எப்படி நம்புவா? நீங்கள் அல்லவா சொல்ல வேண்டும்.

ஆகையால் அம்மா, அவவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தம்பியைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம். அந்த விஜயதசமிக்குப் பிறகு நீங்கள் பேனை தொட்டதில்லை என்று சின்னம்மா அன்றைக்குச் சொன்னதை நான் உங்களுக்கு இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், தொடுங்கள். எழுத்து கோணினால் பரவாயில்லை, முரியல் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவாள். நீளமாக ஒன்றும் வேண்டாம். “நீ ஒரு பிழையும் செய்யவில்லை. அவர்மேல் இருந்த அன்பால் செய்தாய். இனி அழாதே” என்று மூன்று வரி போதும்.

எழுதி முடித்து, உறையில் போட முதல், அந்த மூன்று வரியையும் நீங்கள் ஒருக்கால் வாய்விட்டு வாசியுங்கள் அம்மா. பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசியுங்கள்.

கந்தன் துணை.

உங்கள் மகள்,
விசுவலிங்கம் யோகாம்பாள்.